துரைக்கு வந்த அம்மை

1936-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில், அம்பத்தூர்ப் பக்கத்து ரயில்வே கேட்டில் காத்து நின்ற மாட்டுவண்டிக்காரர்கள் ஒரு வாரமாக ஒரு பறவையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பயபக்தியோடு. அதற்கு முழுப் பொறுப்பு என் பக்கத்து வீட்டுப் பூங்காவனம்தான். நான் சொல்லிப் பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் நான்; நான் சொல்வதை என் மூன்றாம் வகுப்பே காதில் போட்டுக்கொள்வதில்லை. பூங்காவனமா கேட்கப்போகிறாள்?

அவள் கேட்கீப்பர் தசரதனின் மனைவி. நாற்பது வயது, பிள்ளை இல்லை, குரல் மட்டும் நாலு பேருக்குக் காணும். தாயில்லாத நாலு வயதுத் தம்பி ஆனந்தனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே புருஷன் வீட்டுக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் தசரதனைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் இருந்துகொண்டு அவர் தலையில் நரைமுடி தேடிப் பிடுங்குவாள். வருஷக்கணக்கில் அப்படிப் பிடுங்கிப் பாதித் தலை வெளிச்சமாகிவிட்டது. அந்த மனுஷன் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

அம்மை விஷயத்தில் அவள் சொன்னதுதான் எங்கள் தெருவுக்குத் தீர்ப்பு. 'ஆத்தா வந்துகீது' என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டு வாசலில் வேப்பிலை ஏறும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். அம்மை இறங்கி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டார் யாரும் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. போன வருஷம் எதிர்வீட்டுக் குப்பம்மாவின் மகனுக்கு அம்மை கண்டபோது, அவளைச் சொந்த அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கே போகவிடாமல் உட்காரவைத்தவள் இவள்தான். குப்பம்மா அதை மறக்கவில்லை.

பறவைகள் வந்த கதை சின்னது. ஹூப்ளிக்கு மாற்றலாகிப் போன ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர், ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு தசரதனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை ஆணுக்குத் துரை என்றும் நீலப் பெண்ணுக்குத் துரைசானி என்றும் பூங்காவனம் பேர் வைத்தாள். தினையும் கீரையும் போட்டாள். லவ் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி பிறந்ததும் துரையின் தலையில் இறகு உதிரத் தொடங்கியது. பத்து நாளில் உச்சி, பிடரி எல்லாம் சவரம் செய்தது போல ஆகி, ரோஸ் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சனிக்கிழமை காலை பூங்காவனம் அதைக் கையில் எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"ஆத்தா வந்துகீது."

"பட்சிக்கா?" என்று கேட்டேன்.

"கோழிக்கு வர்ல? சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு ஆத்தாளப் பத்தி இன்னா தெரியும் டீச்சரம்மா? முத்து போட்டுகீது பாருங்கோ."

கேட்டைப் பார்த்த திண்ணையில் இருந்த கூண்டைச் சுற்றி வேப்பிலை கட்டினாள். வாசலில் ஒரு கொத்து. சொல்லிக் கட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை வேப்பம்பட்டில் ஆனந்தனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டையும் போடவேண்டிய ஒரே நாத்தனார் இவள். வாசலில் கட்டிய கொத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

குப்பம்மா எதிர்வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டம்னா அல்லாருக்கும் சட்டந்தானே பூங்காவனம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அல்லாருக்குந்தான்," என்றாள் பூங்காவனம். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய் சொல்லி வேப்பிலையைக் கழற்றிவிட்டுப் போக இவளுக்குத் தெரியாதா? தெரியாது. அதனால்தான் இவளை எனக்குப் பிடித்தும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆனந்தன் வந்தான். கல்யாண மாப்பிள்ளை அம்மை வீட்டுக்குள் வரக் கூடாது என்று, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே அவனை நிற்கவைத்துவிட்டாள்.

"ஒரு குருவிக்கோசரம் வரமாட்டியாக்கா?"

"குருவிக்கு இல்லடா. ஆத்தாளுக்கு."

"நீ வந்து முடிச்சு போடாங்காட்டி நான் தாலியே கட்டப் போறதில்ல. பொண்ணூட்டுக்காரங்க இன்னா வேணா சொல்லட்டும்."

நடுவில் அரக்கோணம் பாஸஞ்சர் வந்துவிட்டது. அது கடந்து போனபோது ஆனந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அம்மை கண்டவர் பக்கத்தில் ஆள் இருந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். ஆகவே நாள் முழுக்கக் கூண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் அந்தப் பறவைகளை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. நோயாளியோ கட்டிய வேப்பிலையைக் கொறித்துத் தின்றுகொண்டு கும்மாளம் போட்டது.

புதன்கிழமை மத்தியானம் "டீச்சரம்மா" என்று ஒரு குரல். கோடை லீவில் வீட்டிலிருந்த நான் ஓடினேன். வாயில் விரலை வைத்துக் கூண்டைக் காட்டினாள்.

துரை கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. துரைசானி அதன் பிடரியை ஆசை ஆசையாகக் கோதியது. கோதிக்கொண்டே வந்து, புதிதாக முளைத்திருந்த ஒரு சின்ன இறகை வெடுக்கென்று பிடுங்கி, கொஞ்ச நேரம் மென்று, கீழே போட்டது. அப்புறம் அடுத்தது. துரை நகரவில்லை.

"தன் தல தனக்கு எட்டுமா? நான் ஒரு மூதேவி, இதப் பாக்காம போயிட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள் பூங்காவனம். பிறகு மெல்லத் திரும்பி, கேட்டருகே கொடியோடு நின்ற தசரதனின் தலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொள்ள மிகவும் பாடுபட்டேன்.

தசரதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எனுக்கும் ஆத்தாதான் வந்துகீதுன்னு இருவது வருசமா நெனச்சிகினு கீறேன்," என்றார்.

அவள் நேராகக் குப்பம்மா வாசலுக்குப் போனாள். "நான் சொன்னது தப்பு. அது ஆத்தா இல்ல. வந்து பாரு," என்றாள். அந்த மூன்று வாக்கியமும் அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெருவுக்கே தெரியும். குப்பம்மா வந்து பார்த்தாள். சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"ரெண்டையும் பிரிச்சி வெய்யி. வெள்ளிக்கெழம காலைல வந்து பாப்பேன். கீழ ஒரு எறகு கெடந்தாலும் நீ எங்கியும் போவக் கூடாது."

துரைசானியை ஒரு மூங்கில் கூடைக்கு மாற்றி, மேலே மெல்லிய துணி கட்டினோம். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கத்தியதில் தெருவில் யாரும் பகல் தூக்கம் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குப்பம்மா கூண்டுத் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள். தினை உமி இருந்தது, எச்சம் இருந்தது, இறகு ஒன்றுகூட இல்லை. துரையின் உச்சியில் அரிசி முனை போலக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. வாசல் வேப்பிலையைக் குப்பம்மாவே அவிழ்த்தாள்.

"போ. வண்டி வந்துகினு கீது," என்றாள். தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளிப் பூங்காவனத்துக்கு வைத்துவிட்டாள்.

தசரதனுக்கு லீவு கிடைக்கவில்லை. துரைசானியையும் விட்டுவிட்டுப் போனால் மனசிரங்கிக் கூண்டில் சேர்த்துவிடுவார் என்று, அவரும் துரையும் வீட்டில் இருக்க, பூங்காவனமும் நானும் துரைசானிக் கூடையும் ரயிலேறி, அந்த வண்டி நிற்கும் திருநின்றவூரில் இறங்கி, வேப்பம்பட்டுக்கு மாட்டுவண்டி பிடித்தோம். முகூர்த்தம் தாண்டப் போகிறது என்று ஐயர் கத்திக்கொண்டிருந்தார். ஆனந்தன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வழியையே பார்த்திருந்தான். அக்காவைக் கண்டதும் முதல் முடிச்சைப் போட்டான். கூடையை என் மடியில் வைத்துவிட்டு ஓடிப்போய் மற்ற இரண்டையும் பூங்காவனம் போட்டாள். கண்ணீர் பெண்ணின் ஜடையில் விழுந்தது.

முடிச்சை இறுக்கியவள் எழுந்திருக்கவில்லை. பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"எந்தம்பி மேல எம்மாம் ஆச வேணா வெச்சிக்கோ கண்ணு. தலைல நரை தெரிஞ்சா மட்டும் புடுங்காத. எண்ணெ வெச்சி வுட்டுடு."

மணவறையில் தலை குனிந்திருந்த பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என்ன ஏது என்று தெரியாமல், ஆனந்தன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.