செண்டுடுக் பூக்காத பெரிய வெள்ளி

மருந்துக் குழாயை ஒரு செடியின்மேல் படாமல் திருப்பிப் பிடித்த கை ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் களைக்கு மருந்தடிக்கும் கான்ட்ராக்ட்டை நான் தனியாளாக எடுத்து நடத்திய காலம் அது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவன், முப்பது பேருக்கு வேலை கொடுத்தேன். இதைப் போகிற இடமெல்லாம் சொல்வேன், இங்கும் சொல்லிவிட்டேன். அந்தக் கை என்னிடம் வேலை செய்த ஓர் அக்காவுடையது. எல்லாரும் என்னை முதலாளி என்ற மரியாதையில் தவுக்கே என்று கூப்பிட, அவர் மட்டும் தம்பி என்பார்.

அந்தக் கை தப்பவிட்டது, காட்டோரம் தானாக முளைக்கும் ஊதாப் பூச்செடியை. மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்பார்கள். பெரிய வெள்ளியன்று எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் சிலுவையின் காலடியில் வைக்க, அக்கா வருடாவருடம் அந்தப் பூவைத்தான் பறித்து வருவார். "நல்ல மண்ணுல எதுதான் வளராது தம்பி? மரத்த வெட்டி, நெருப்பு வெச்சி, ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு விட்ட மண்ணுல மொதல்ல வர்றது இதுதான். ஆண்டவரும் அப்படிப்பட்ட எடத்துக்குத்தானே வந்தாரு?" என்பார். நான் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவேன்.

ஒரு வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், மேனேஜர் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். காட்டோரம் முழுக்க ஊதாவாக நின்றது.

"என்னக்கா, ஆண்டவருக்குத் தனியா தோட்டம் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"வெள்ளி முடியட்டும் தம்பி. நானே அடிச்சிடறேன்."

"கான்ட்ராக்ட் எனக்கா, ஆண்டவருக்கா? இப்பவே அடிங்க லா!"

அக்கா குழாயைச் செடிகள் பக்கம் திருப்பினார். ஒரு செடி விடாமல் அவரே அடித்தார். நான் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பெரிய வெள்ளியன்று, நான் வாங்கிக் கொடுத்த முதல் பெஞ்சில் நானே உட்கார்ந்திருந்தேன். சிலுவையின் காலடி வெறுமையாக இருந்தது. ஃபாதர் காரணம் கேட்டார். "இந்த வருசம் பூக்கல ஃபாதர்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத மண் எது என்று எனக்கு அப்போது தெரிந்தது. அந்த மண்ணிலும், 'நான்தான் அடிக்கச் சொன்னேன் ஃபாதர்' என்று எழுந்து சொல்ல ஒன்று முளைத்தது. அதற்கும் நான் மருந்தடித்துவிட்டேன்.

போன மாதம் மன்னிப்புக் கேட்கத்தான் ரெம்பியாவுக்குப் போனேன். அக்கா இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். சொல்ல வேண்டியதைக் காரில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். உள்ளே போனதும், "வேலையெல்லாம் எப்படி தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் லாரிகள், டவுனில் கட்டிய மாடி வீடு, இன்ஜினியரான மகன் என்று ஒரு மணி நேரம் பேசினேன். தேநீர் ஆறிப்போனது. அக்காவுக்கு உண்மையாகவே சந்தோஷம். "நீ முன்னுக்கு வருவேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லி, வாசலில் என் நெற்றியில் சிலுவை போட்டார். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அப்படியே காரில் ஏறிவிட்டேன்.

முச்சந்தியில் காரை நிறுத்தியபோதுதான் வாய் வந்தது. "மன்னிச்சிடுங்கக்கா" என்று சத்தமாகவே சொன்னேன். காரில் வேறு யாரும் இல்லை. திரும்பிப் போக ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.