குரங்கணி ஜீப்பில் ஒரு சிவப்பு விளக்கு

காலை 6.40. போடி பஸ் நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்துவிட்டு முத்தையா அண்ணனின் ஜீப்பில் ஏறினேன். நாள் வாடகை 2,800 ரூபாய். குரங்கணிக்குப் பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து ஏலத்தோட்டம் வரை இருப்பதை ரோடு என்று அண்ணன் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

என் பையில் நாணயம் போல நான்கு பீசோ வில்லைகள். வளைத்தால், நசுக்கினால் மின்சாரம் தருபவை; கேஸ் அடுப்பு லைட்டருக்குள் பொறி கிளப்புவதும் இந்த இனம்தான். ஜீப்பின் பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளில் பொருத்தினால் குலுக்கலிலேயே மின்சாரம் எடுத்து, பட்டை விரிசல் கண்டு உடையும் முன்பே டிரைவரை எச்சரிக்க வேண்டும். பேட்டரி கிடையாது. கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வகத்தில் எல்லாம் சரியாக வேலை செய்தது. மலையில் இன்றைக்குள் ஒரு சின்ன விளக்காவது எரியாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக எங்கள் துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

8.00, குரங்கணி. முதல் வில்லை என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பதறிப்போய், மிச்சமும் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும், பார்த்து என்று அண்ணனிடம் பத்து முறை சொன்னேன். அவர் மூன்றையும் வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்து, கிளிப் போட்டு முடுக்கினார். அவற்றின் கம்பியை டிரைவர் இருக்கைக்கு முன்னால் ஒட்டிய சின்னச் சிவப்பு விளக்கில் நான் இணைத்தேன்.

பத்தரைக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் என் எலும்பு கழன்றது. விளக்கு ஒரு முறைகூட மினுங்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரிக்காமலே வைத்தேன். அழுகை வந்தது. அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“ஒடஞ்சிருமேன்னு அடியில சைக்கிள் டியூப்பு வெட்டி வச்சேன் தங்கச்சி. அது தப்போ?”

பட்டை வளைவதெல்லாம் ரப்பரோடு நின்றுபோயிருக்கிறது. வில்லைகள் மெத்தையில் சொகுசாகப் பயணம் செய்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டியூப்பை எடுத்துவிட்டு வில்லைகளை நானே நேராகப் பட்டையில் பொருத்தினேன்.

மாலை 3.30. வேலை முடிந்து கீழே போக, ஏலக்காய் பறிக்கும் பெண்கள் ஆறு பேர் ஏறினார்கள். அவர்களுக்காக அண்ணன் குழிக்குக் குழி மெதுவாக இறக்கினார். விளக்கு மினுங்கி அணைந்தது. விஷயம் என்னவென்று பின்னாலிருந்த ஓர் அம்மாள் விசாரித்தார்.

“நீ எப்பவும் போற மாதிரிப் போப்பா. எங்களுக்கு இந்தக் குழியெல்லாம் பழக்கம். அந்தப் புள்ளைக்கு லைட்டு எரியட்டும்.”

எரிந்தது. சிவப்பாக, குரங்கணி வரை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குரங்கணியில் தார்ச்சாலை தொடங்கியதும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது, விளக்கு அணைந்தது. ஜீப்பில் வருத்தப்பட்டவள் நான் ஒருத்திதான்.

“மேலயும் ரோடு போடப் போறாகளாம். போட்டுட்டா ஒங்க சோலி என்ன ஆகும் தங்கச்சி?” என்றார் அண்ணன்.

எங்கள் ஊரில் ஒரு குழிக்கே நகராட்சியைத் திட்டுகிறவள் நான். “போடட்டும்ணே” என்றேன். அதைச் சொல்வதற்குள், அந்தக் குழிகளில் தினமும் குலுங்கும் ஆறு பெண்களுக்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.