சகாயம்மாள் சர்க்காருக்குச் சொன்ன பொய்

கரையான்சாவடி அரிசி மில் களத்தில் சகாயம்மாளின் குரல் கேட்காத நாள் கிடையாது. அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் துழாவிக்கொண்டே ஊர்ச்சங்கதி அத்தனையும் பேசி முடித்துவிடுவாள். மேஸ்திரி அதட்டினால் அவனைப் பற்றியும் ஒரு சங்கதி வைத்திருப்பாள். அவன் வாயைத் திறப்பதில்லை.

பிறந்தது பூந்தமல்லி, வாழ்க்கைப்பட்டதும் அங்கேயே. புருஷன் அந்தோணிராஜ் யுத்தம் முடிகிற வரை ஆவடி ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கினான். யுத்தத்தில் ஜெயித்தது இங்கிலீஷ்காரன், வேலையைத் தோற்றது அந்தோணிராஜ். அன்றிலிருந்து சகாயம்மாளின் எட்டணா நாள்கூலியில் ஐந்து வயிறுகள் நிரம்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்பதில் அவள் படு ஜாக்கிரதை. கோயிலுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால் மில்லே அவளுடையது என்று நினைக்கத் தோன்றும்.

நாற்பத்தாறாம் வருஷம் கோடையில் ஒருநாள், மூட்டை ஏற்றுகிற துலுக்கானம் டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டுக் களத்துக்கு ஓடிவந்தார். டில்லி சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறதாம். அரிசி மில், பீடிக் கம்பெனி மாதிரி இடங்களில் இதற்குக் கீழே கூலி கொடுக்கக்கூடாது என்று சர்க்காரே வரம்பு கட்டுமாம். பெண்கள் நம்பவில்லை. டில்லியில் இருப்பவனுக்குத் தங்கள் வயிறு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதற்குத்தான் ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள், நம் மில்லுக்கும் ஒருத்தர் வருகிறார் என்றார் துலுக்கானம்.

மில் முதலாளிக்கும் இது தெரியும். சட்டம் வந்தால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மில்காரர்கள் சங்கம் கூட்டி மனு எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. தன் ஆட்களுக்கு ஒரு குறையும் கிடையாது என்று அவர் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்காரர் வீரராகவன் வந்தார். மெலிந்த மனிதர், கக்கத்தில் தடி நோட்டு. களத்துப் பெண்கள் எல்லோருக்குமாக யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. சாயங்காலம் அவர் சகாயம்மாள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடாயிற்று.

சர்க்கார் மனிதர் வீட்டுக்கு வருகிறார் என்றால் சும்மாவா? எதிர்வீட்டில் பித்தளை டம்ளர் இரவல் வாங்கினாள், பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கினாள், காப்பித்தூளுக்கு அந்தோணிராஜைக் குமணன்சாவடி வரை துரத்தினாள். வீரராகவன் காப்பியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். காலையில் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டார்.

அந்த வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, "ஆச்சு." வயிறு ஒட்டிக்கிடந்தாலும் ஆச்சுதான். இல்லை என்று சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டிவரும், அவர் வீட்டிலும் இருக்காது. சகாயம்மாள் ஆச்சு என்றாள். மத்தியானம்? ஆச்சு. ராத்திரி? அதுவும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை? கறி என்றாள், கொஞ்சம் தலையை நிமிர்த்தி. காப்பி தினமும் உண்டா என்றதற்கு, காப்பி இல்லாமல் முடியுமா என்று திருப்பிக் கேட்டாள். எல்லாம் நோட்டில் ஏறியது.

வாசலில் காத்திருந்த துலுக்கானத்திடம் இதை ஒரு வரி விடாமல் பெருமையாகச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பொம்பள நீ? எட்டணாவுல மூணு வேள சோறு, கறி, காப்பி எல்லாம் ஆவுதுன்னு நீயே எய்திக் குட்த்துட்டியே. இனிமே எவன் கூலிய ஏத்துவான்?"

களத்தில் நாற்பது பெண்கள். அத்தனை பேர் வயிற்றிலும் தன் நாக்கு அடித்துவிட்டதே என்று நினைக்க நினைக்கச் சகாயம்மாளுக்கு அழுகை வந்தது. விசாரணைக்காரர் மறுநாள் மத்தியான பஸ்ஸில் பட்டணம் திரும்புகிறார். அதற்குள் சொன்னதை மாற்றியாக வேண்டும்.

மறுநாள் அவர் முதலாளியோடு களத்தைச் சுற்றி வந்தபோது, துழாவிக்கொண்டிருந்த நெல்லிலிருந்து விலகி நேரே எதிரில் போய் நின்றாள். நேற்றுச் சொன்னது பூராவும் பொய், டம்ளர்கூட எதிர்வீட்டுக்காரியுடையது என்றாள். முதலாளி சிரித்தார். நேற்றுக் காப்பி, இன்றைக்குப் பட்டினியா, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். வீரராகவனும் சங்கடத்தில் நெளிந்தார்.

"நேத்து நான் கேட்டேன், நீ சொன்னே. இன்னிக்கு மாத்திச் சொன்னா, இதுக்கு யாரும்மா சாட்சி?"

அந்த நேரம் பார்த்து மில்லில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பெண்கள் கொட்டகைக்குப் போய்த் தங்கள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கண் பட்டுவிடும் என்பதால் ஒருத்தி தூக்கை இன்னொருத்தி பார்ப்பதில்லை.

சகாயம்மாள் தன் தூக்கைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே கஞ்சித்தண்ணீர், அடியில் நாலு பருக்கை. திரும்பி, எல்லாரும் திறங்கடி என்று கத்தினாள். ஒவ்வொருத்தியாகத் திறந்தார்கள். கேழ்வரகுக் கூழ், வேகவைத்த கிழங்கு, பக்கத்துக்காரியிடம் வாங்கிய புளிச்சாறு. அத்தனை நெல்லைக் காயவைக்கிறவர்கள் தூக்கில் கைப்பிடிச் சோறு இல்லை. முதலாளி வேறு பக்கம் பார்த்தார்.

குப்பம்மா மட்டும் திறக்கவில்லை. நாலு வருஷமாகச் சகாயம்மாளோடு முதுகோடு முதுகு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அதிர்ந்து பேசாதவள். வேணாம்க்கா என்றாள். சகாயம்மாள் அந்த வேகத்தில் எதையும் காதில் வாங்கவில்லை. தூக்கைப் பிடுங்கி மூடியை இழுத்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த தூக்கு. சாப்பாட்டுக்குத் தூக்கு இல்லாமல் வந்தால் நாலு பேர் கேட்பார்களே என்று தினமும் வெறும் தூக்கை எடுத்து வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையை அசைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

முதுகுக்குப் பின்னால் இருந்தவளின் பட்டினியைக் கண்டுகொள்ளாத தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது சகாயம்மாளுக்கு. அதைவிடக் கேவலம், அதை நாற்பது பேர் எதிரில் திறந்து காட்டியது. மூடியை எடுத்து மறுபடி மூடப் போனாள்.

குப்பம்மா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். முகம் கறுத்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"தொறந்தது தொறந்தாச்சுக்கா, இனிமே மூடாத. என் மானம் போனது போவட்டும். ஆனா போனதுக்குக் கூலி ஏறணும். அந்த ஐயாவ எய்திக்கச் சொல்லு."

வீரராகவன் நேற்றைய பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். பெயர் என்ன அம்மா என்று குப்பம்மாவைப் பார்த்துக் கேட்டார்.