போசி வைத்த கல்

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒண்டிக்கடையில் மூன்று கட்டிடம் எழுப்பினேன். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கிற களம் இரண்டு என் கையால் போட்டது. இன்றைக்கும் அதில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் நிற்காது, சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள். லாரி போகாது என்று இன்ஜினீயர் கைவிட்ட சரிவில், கழுதைமேல் கல்லேற்றிக் கொண்டுபோய்ப் பாலம் கட்டினேன். தலைச்சோலைக்கு மேலே பாறையில் நாலு தூணும் ஓட்டுக்கூரையுமாக ஒரு கொட்டகை போட்டேன். மற்றதெல்லாம் கிடக்கட்டும். இந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

போன வாரம் ஓர் அழைப்பிதழ் வந்தது. தடித்த அட்டை, சந்தன வாசனை. அந்தக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, இரும்புக் கேட் மாட்டி, மூன்று மதத்துச் சின்னமும் வைத்து, தியான மண்டபம் என்று திறக்கப் போகிறார்களாம். பதினொரு பேர் அச்சில் இருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் படித்தேன். என் பெயர் இல்லை.

சந்தன வாசனை எனக்கு ஆகாதுங்க. அதை மோந்தால் எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வரும். கோயில் என்றால் பூட்டு ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசி; எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பங்காளி வகையறாவுக்குள் சண்டை. சந்தனக் கிண்ணம் முதலில் யார் கைக்குப் போவது, அவ்வளவுதான் விஷயம். கிண்ணம் பறந்தது, மண்டை உடைந்தது, கோயில் கதவுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுப் போட்டார்கள். வகையறாவுக்கு ஒரு சாவி. அந்த வருஷம் என் அப்பன் படுக்கையில் விழுந்து, ஒரே ஒரு தரம் சாமியைப் பார்க்க வேண்டும் என்றார். முதுகில் சுமந்துகொண்டு போனேன். சாவி வைத்திருந்த இரண்டு பேரும் வரவில்லை. அப்பன் அந்தப் பூட்டையே கும்பிட்டுவிட்டு, "போலாங் கண்ணு" என்றார்.

எனக்கும் கோயிலுக்கும் அன்றோடு முடிந்தது. சாமியோடு முடிந்தது என்று நான் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள்.

காதர் என் சேக்காளி. ஒண்டிக்கடையில் அவன் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் பள்ளிவாசல் கூட்டத்தில் எழுந்து ஏதோ கேள்வி கேட்டுவிட்டார் என்பதற்காக, காதருடைய அக்கா கல்யாணத்துக்குப் பெரியவர்கள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா, எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகத்தான் புதைத்தார்கள். நடு இடமெல்லாம் பெரிய வீட்டுக்காரர்களுக்கு. ஆக மூன்று பேரும் மூன்று வாசலிலிருந்து திரும்பி வந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாறைக்குப் போவோம். ஒரே சட்டம்: யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தரக் கூடாது. சும்மா உட்கார வேண்டும். கீழே சேலம் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து மூஞ்சியை நனைத்துவிட்டுப் போகும். எனக்கு மந்திரம் தெரியாது. "இருக்கியா?" என்று மனசுக்குள் கேட்பேன். பதில் வந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் கேட்பதற்கு எவனிடமும் போய்ச் சாவி வாங்க வேண்டியதில்லை.

"மாப்ள, தவம் பண்றியா தூங்கறியா? கொறட்டை சேலம் வரைக்கும் கேக்குது" என்பான் காதர். அவன் கொண்டுவரும் தூக்குப்போசியிலிருந்து டீ குடித்துவிட்டு வேலைக்கு இறங்குவோம்.

இரண்டு தரம் மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது. அதனால்தான் கொட்டகை. சுவர் வைக்கவில்லை, எந்தப் பக்கமிருந்தும் வரலாம், போகலாம். பாறை சரிவாக இருந்ததால் போசி கவிழ்ந்துகொண்டே இருந்தது. ஊரில் ஒரு வீடு கட்டி மிஞ்சிய கல் ஒன்றைச் சமமாகக் கொத்தி நடுவில் பதித்தேன், போசி வைக்க. வேறு ஒரு மேஸ்திரியாக இருந்தால் அப்போதே யோசித்திருப்பான். எங்கள் மலையில் தனியாக ஒரு கல்லை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்? தெரியும். டீ ஆசையில் மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் பூமழை தவறியது. பங்குனியில் ஒரு மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும். பூத்தால்தான் எஸ்டேட்டில் பறிப்பு, பறித்தால்தான் சனங்களுக்குச் சோறு. பழம் பறிக்கிற பாப்பாயி ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனவள், கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது மழை. ஒன்பதாம் நாள் மலையே வெள்ளையாகிப் போனது. அந்தப் பூவின் வாசனை இருக்கிறதே, மல்லிகையெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

அப்புறம் கேட்க வேண்டுமா? அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கல்லுக்கு மாலை. யாரோ ஊதுபத்தி, யாரோ மெழுகுவத்தி. சுற்றிலும் அறுபது எழுபது பேர். ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றார். கோயிலின் ஒரு சாவி இவரிடம்தான் இருந்தது. அதுவரை என்னை "டேய்" என்று மட்டும் கூப்பிட்டவர்.

"ஏனுங்க தம்பி, சாமி தானா வந்து உக்காந்துருச்சு. இனி வெட்டவெளியில உடலாமுங்களா? செவுரு எழுப்பிக் கதவு வெச்சுக் கமிட்டி போட்டுரலாம். நீங்க கட்டுன எடம், நீங்களே தலைவரா இருங்க. மொதல் மரியாதை உங்களுக்குத்தான்."

ஒளிப்பானேன், மனசு ஆடியது. என் அப்பனுக்குக் கதவு திறக்க வராதவர் வாயிலிருந்து ‘ங்க’ வருகிறது. மூன்றாம் வகுப்புக்காரன் தலைவர். கழுத்தில் மாலை விழுந்தாற்போலவே இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, பூட்டு ஒண்ணா ரெண்டா?"

அப்பனுடைய கனம் முதுகில் திரும்ப வந்து ஏறியது. காதர் கையிலிருந்த போசியை வாங்கி, மாலையை நகர்த்தி, குங்குமத்தின் மேலேயே வைத்தேன்.

"இது போசி வெக்கற கல்லுங்க. நான் கொத்தி வெச்சது. இதுல சாமி இருந்தா இந்தச் சூட்டப் பொறுத்துக்கும். எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போங்க."

"தெய்வ குத்தம்டா! அந்தக் கை வெளங்காமப் போயிரும்!" என்று கூட்டம் இரைந்தது. ஒருவன் கல்லைக்கூடப் பொறுக்கிவிட்டான். அப்போதுதான் பாப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குங்குமம் வைத்தவள் அவள். அடித்தால் அவளுக்குத்தான் உரிமை.

"எனக்கொரு டம்ளர் ஊத்து சாமி. மேடேறி வந்தது நொம்பத் தாகமா இருக்குது."

குடித்தாள். போசியைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். "மழ பேஞ்சது பேஞ்சதுதானுங்களே, அதுக்கெதுக்குக் கதவு?" என்று கவுண்டரைக் கேட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டாள். கல்லை எடுத்தவன் கீழே போட்டான்.

ஊர் என்னை ஒதுக்கி வைத்தது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊட்டுக்காரரும் ஒரு சுவர் பூசக்கூடக் கூப்பிடவில்லை. அதனால்தான் எஸ்டேட்டுக்கும் ஒண்டிக்கடைக்கும் வேலை தேடிப் போனேன். கை விளங்கியதா இல்லையா என்பதற்கு மேலே எழுதியிருக்கிற பட்டியலைப் படித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கொட்டகையில் போசிக் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. பரீட்சையில் தோற்றவன் வந்தான், கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்தவள் வந்தாள், ஒன்றுமே நம்பாதவன்கூட வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். இளசுகளுக்குப் பக்தி இல்லை என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். பக்தி இருந்தது ஐயா, வாட்ச்மேன்தான் இல்லை.

காதர் செத்துப் போய்விட்டான். ஸ்டெல்லா பிள்ளைகளோடு எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள். பாப்பாயியின் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நேற்று பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கேட்டில் பூட்டு, ஒன்றுதான். கம்பி வழியாகப் பார்த்தால், போசிக் கல்லைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் கருங்கல் பலகை நட்டு, பதினொரு பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்.

பலகையில் கீழே இன்னும் இடம் இருக்கிறது. நான் மேஸ்திரி, என் கண்ணுக்கு அளவு தப்பாது. அங்கே என் பெயரை வெட்டுங்கள். கட்டியவர் என்று போட வேண்டாம், நாலு தூண் எவனும் நிறுத்துவான். ‘இங்கே எதையும் வைக்க விடாதவர்’ என்று போடுங்கள். காதர், ஸ்டெல்லா பெயர்களை எனக்குக் கீழே போடலாம். பாப்பாயி பெயரை எனக்கு மேலே போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் போட்டே ஆக வேண்டும்.