பெரியப்பாவுக்குச் சலவைக்கல் கோட்டு

எங்கள் பெரியப்பா தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்து, லாரிகளும் வீடுகளுமாகச் சேர்த்தவர். சேர்த்தாரே தவிர, ஒரு நல்ல சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பில் வெறுங்காலோடு நடப்பார். இப்போது கல்லறைத் தோட்டத்தில் தன் குழியின்மேலேயே கோட்டும் ஷூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் வெள்ளைச் சலவைக்கல்.

சிற்பியிடம் கொடுத்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். ஆகவே கழுத்துவரைக்கும் பெரியப்பா. அதற்குக் கீழே அவருடைய மூத்த மகன், எங்கள் அண்ணன், என்ன ஆசைப்பட்டானோ அது. முகத்துக்கு ஒரு புன்னகையும் கேட்டு வாங்கியிருந்தான். அந்தப் புன்னகையை வீட்டில் யாரும் கண்டதில்லை. காலடியில் ஒரு கப்பல் வேறு. அவருக்கு ஏது கப்பல் என்று கேட்டேன். லாரியைச் செதுக்கினால் எடுப்பாக இருக்காதாம்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், பிரியாணி. குருவானவர் ஜெபம் செய்து திரையை விலக்கியதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பெரியம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் குடும்பத்தில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே குழிதான். முதலில் போனவரின் கல்லை நகர்த்தி, மண்ணைத் தோண்டி, பிறகு போகிறவரையும் அதிலேயே வைப்பார்கள். பெரியப்பா போன நாளிலிருந்து பெரியம்மா பிள்ளைகளிடம் கேட்டது அந்த இடம் ஒன்றைத்தான்.

பெரியம்மா பீடம் கட்டிய கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, இதை எப்படித் தொறப்பிய?"

"தொறக்கவா? அதெல்லாம் ஆகாதும்மா. அடியில கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருக்கோம்லா. சுனாமியே வந்தாலும் அசையாது" என்றார் அவர் பெருமையாக.

"அப்பம் என்னை எங்கன வைப்பிய?"

கான்ட்ராக்டர் அண்ணனைப் பார்த்தார். தகப்பனுக்குக் கப்பலா லாரியா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு, தாய்க்கு இடம் விடவேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கப்பலைப் பெயர்த்து அவன் தலையிலேயே போட்டிருப்பேன்.

அண்ணன் ஒருவழியாகச் சமாளித்தான். "பின்பக்கத்துச் சுவரோரமா எடம் கெடக்கும்மா. உங்களுக்கும் ஒரு சிலை வச்சிருவோம்."

"ஏலே, ஒங்கப்பா பக்கத்துல படுக்கணும்னா நான் கேட்டேன்? அவரோட இருந்தது போதும்ல. உள்ள எம்புள்ளல்லா கெடக்கா."

அவர்களுடைய முதல் குழந்தை. பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போனவள். அந்தக் குழியே அவளுக்காகத் தோண்டியதுதான். பெரியப்பாவைப் பின்னால்தான் அதில் வைத்தோம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நான் உட்பட எல்லோரும் மறந்துபோன விஷயம். பீடத்தில் பெரியப்பா வகித்த அத்தனை பதவிகளும் பொன்னெழுத்தில் மின்னின. அவள் பெயர் இல்லை.

பீடத்தை உடைக்க முடியுமா என்று அண்ணன் மறுநாள் கான்ட்ராக்டரிடம் விசாரித்தான். உடைத்தால் சிலை தப்பாது என்றார் அவர். அண்ணன் நன்றாக யோசித்துவிட்டுச் சுவரோரத்து இடத்துக்குச் சொல்லிவைத்தான்.

பெரியம்மா ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். குழந்தையின் தலைமாடு எந்தப் பக்கம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பீடத்தின் அந்த மூலையில் பிச்சிப்பூவை வைத்து, கல்லின்மேல் கொஞ்சநேரம் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். புருஷன் காலடியில் வாரம் தவறாமல் பூ வைக்கிற பெண்சாதியை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று சபையில் எல்லோரும் மெச்சுகிறார்கள். அண்ணன் மறுப்பதில்லை.