பன்னிரண்டில் பூஜ்ஜியம் கழித்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலாகி, பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போனவள் நான். ஆனால் அக்கா உயிரோடு இருக்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். "நான் போன பொறவு புஸ்தகம் கிஸ்தகம் போட்டா, பண்பே வடிவானவர்னு அளந்து விடாத ஏட்டி. நான் செஞ்ச தப்பையும் சேத்து எழுது." எந்தத் தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா மகாராஜபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா காலமானபோது நான் சின்னப்பிள்ளை. அக்கா தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் வந்து வரலாறு படித்தார். பி.எட். முடித்து, இராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் கூட்டி வந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

சேர்ந்தது வரலாற்று ஆசிரியையாகத்தான். அந்தச் சமயம் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய், இடம் காலியாகக் கிடந்தது. "இந்த ஒரு வருசம் மட்டும் பாத்துக்கோங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. அந்த ஒரு வருடம் ஒன்பது வருடம் ஆனது. கைடு வாங்கி விடியற்காலையில் தானே படித்து, பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். முதல் வருடம் ஏழாம் வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். சாக்பீஸால் பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். "எந்த எண்ணையும்..." டக், டக், டக். "பூஜ்ஜியத்தால வகுத்தா என்ன வரும்?" நாங்கள் எல்லோரும் ஓட்டுக்கூரை அதிர, "பூஜ்ஜியம் டீச்சர்!" என்போம்.

ஒன்பதாவது வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே அதே கேள்வி வந்தது. அக்காதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். பயிற்சி கொடுத்த ஐயா சிரிக்கவில்லை, பலகைக்கு அழைத்தார். "வகுக்கிறதுன்னா திரும்பத் திரும்பக் கழிக்கிறதுதானே டீச்சர்? பன்னிரண்டை நாலு நாலா கழிச்சா மூணு தடவையில தீந்துரும். இப்ப பூஜ்ஜியம் பூஜ்ஜியமா கழிங்க. தீந்ததும் சொல்லுங்க."

அக்கா எழுதினார். பன்னிரண்டில் பூஜ்ஜியம் போனால் பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு. பலகை தீர்ந்தது, பன்னிரண்டு தீரவில்லை. "இது தீராது ஐயா" என்றார். "ஆமா டீச்சர், தீராது. அதனால இதுக்கு விடையே கிடையாது" என்றாராம் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டில் தங்கவில்லை. "பழைய பிள்ளைகளைப் பாத்துட்டு வாரேன்" என்று டவுன் பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம் விரலில் சாக்பீஸ் தூளோடு வருவார். சாப்பிடும்போது மேசையில் மூன்று தட்டுத் தட்டுவார். நான் பார்த்தால் கையை இழுத்துக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு முதுகு சில்லிடும்.

கூடவே போனவர் அக்காவின் தோழி, அதே பள்ளியின் தையல் டீச்சர். பயிற்சி வகுப்புக் கதையையும் இனி வருவதையும் அக்காவின் பதினாறாம் நாள் அன்று அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஒன்பது வருட வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அக்கா ஒரு நீள நோட்டில் பெயர்களை எழுதியிருக்கிறார். ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய், மில் வாசலில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நின்று, கட்டிக்கொடுத்த வீட்டுச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, பன்னிரண்டில் பூஜ்ஜியம் கழித்துக் காட்டி, நோட்டில் டிக் போட்டிருக்கிறார். ஒரு வீட்டு மாமியார், "டீச்சருக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சா?" என்று வேப்பிலையை எடுத்தே விட்டாராம்.

கான்சாபுரத்தில் நடந்ததைச் சொல்லும்போது தையல் டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. தேடிப்போன பெண் வீட்டில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தாள். இவர்கள் தெருமுனையில் வரும்போதே அந்த வீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டிருக்கிறது. அதே இழுப்பு, அதே நிறுத்தம், அதே மூன்று தட்டு. அதற்குப் பிறகு பிள்ளைகளின் "பூஜ்ஜியம்!". அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "என் குரல் எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கே, தெரியுதா? நான் செத்தாலும் இது சாவாது போலயே" என்றாராம்.

அக்கா சும்மா இருக்கவில்லை. அஞ்சல் வழியில் கணக்கில் பட்டம் வாங்கி, கணக்கு டீச்சராகவே தொடர்ந்தார். கடைசி வருடங்களில், இவர் வகுப்புதான் வேண்டும் என்று பெற்றோர்கள் வந்து நிற்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாள், வலதுகை விரல் போர்வையில் எழுதிக்கொண்டே இருந்தது. "பன்னிரண்டு பன்னிரண்டுன்னு எழுதுறாங்கம்மா" என்றார் நர்ஸ். இடையிடையே கட்டில் கம்பியில் மூன்று தட்டு. "இன்னும் ஒருத்தி பாக்கி ஏட்டி" என்றார். "யாருக்கா?" என்றேன். என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு அக்காவின் பீரோவில் தேடி அந்த நோட்டைத் திறந்தேன். எல்லாப் பெயருக்கும் டிக் இருந்தது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இல்லை. அது என் பெயர். எத்தனையோ ஊருக்கு பஸ் ஏறிப் போனவருக்கு, கல்யாணமாகியும் அதே வீட்டிலேயே இருந்த என்னைத் தேடி அடுத்த அறைக்கு வர முடியவில்லை. நான் ஃபெயிலானது தன்னால்தான் என்று நினைத்திருக்கிறார். ஐயோ அக்கா! நான் ஃபெயிலானது படிக்காததால்தான், சத்தியமாக. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

நானே டிக் போடப் போனேன். துணி மடிக்கிறவள், நான் யாருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து இந்தத் தப்பு பரவியிருக்கப் போகிறது என்று ஒரு சிரிப்பும் வந்தது. ஆனாலும் என்னவோ தடுத்தது, மூடி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பிற்பகல் மூன்று மணி. அடுப்பில் பால். உள்ளறையில் அக்கா பேசினார்.

"எந்த எண்ணையும்..." டக், டக், டக்.

பால் பொங்கி வழிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். பீரோக் கதவில் சாக்பீஸை வைத்துக்கொண்டு என் மகள் நின்றாள். பி.காம். படித்தவள். மறுவாரம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர இருந்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கையும் அவளையே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். "பூஜ்ஜியத்தால வகுத்தா பூஜ்ஜியம்" என்று எழுதியிருந்தாள்.

"யாருட்டி இதச் சொல்லிக் குடுத்தா? பெரியம்மாவா?"

"பெரியம்மா எங்க சொன்னாக? நீதாம்மா. சின்னப்பிள்ளையில வீட்டுப்பாடம் எழுதுறப்ப, மேசையில தட்டித் தட்டிச் சொல்லுவியே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்பீஸை வாங்கிப் பன்னிரண்டில் பூஜ்ஜியம் கழித்தேன். கதவு அடி வரைக்கும் கழித்தேன். பிறகு நோட்டில் என் பெயருக்கு டிக் போட்டு, அதன் கீழே மகளின் பெயரை எழுதினேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், மில் உடுப்போடு ஓடிவந்த அக்காவின் மாணவிகளுக்கும், தையல் டீச்சருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நோட்டில் உள்ளவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அது போதும்.

மகள் முதல் பாடம் எடுத்த அன்று நான் பள்ளிச் சுவருக்கு வெளியே போய் நின்றேன். ஜன்னல் வழியே மூன்று தட்டு கேட்டது. அக்காவின் குரல்தான் வந்தது. "இப்படியே பூஜ்ஜியத்தக் கழிச்சிக்கிட்டே போனா, பன்னிரண்டு எப்பப் பிள்ளைகளா தீரும்?"

"தீராது டீச்சர்!" என்றார்கள் பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து அவள் பெயருக்கும் டிக் போட்டுவிட்டேன் அக்கா.