வாசலில் நாலு சோடி

பிள்ளைகள், அன்றைக்கு நீங்கள் இருவரும் அலுமாரிக்குப் பின்னால் இருந்தீர்கள். கதவடியில் நடந்ததைக் காதால் மட்டும்தான் கேட்டீர்கள். இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறீர்கள். நான் கண்ணால் கண்டது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அம்மா சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார். கனடாவிலிருந்து உங்கள் மாமா அனுப்பிய கதை விளையாட்டைச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தோம். மூத்தவள் கதை சொல்ல, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். கதைக்குள் ஏதாவது செய்வதென்றால் இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். நான் கள்ளன். சின்னவனும், அவனோடு ரியூசனில் படிக்கும் பெடியனும் கோடரிக்காரர். ஒரு கோட்டைக்குள் ஒளித்து நுழைந்துகொண்டிருந்தோம். குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால் பதுங்குகிறேன் என்று சொல்லிக் கட்டையை எடுத்தேன். மூத்தவள் கையை நீட்டி வாங்கிவிட்டாள்.

"ஒளிக்கிறதுக்கு நான் தான் உருட்டுவன் அப்பா. கொப்பிக்குப் பின்னால. எண்ணைக் காட்டமாட்டன்."

"அப்ப காவல்காரன் என்னைக் கண்டிட்டானோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெட்டு விழேக்க தெரியும்."

"அப்பான்ரை வயித்தை ஒளிக்க ரெண்டு கொட்டில் வேணும் அக்கா," என்றான் சின்னவன். பெடியனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள்கள் வந்து, எல்லாம் ஒன்றாக நின்றன.

"என்னைத் தேடி வாறாங்கள் மாமா," என்றான் பெடியன்.

அவனுடைய அண்ணை ஒரு வாள்வெட்டுக் கும்பலைப் பொலிசுக்கு அடையாளம் காட்டியிருந்தார். அண்ணை அகப்படாததால் தம்பியைத் தேடித் திரிந்தார்கள். அவன் சொல்லி எனக்கு அது அப்போதுதான் தெரியும். கதவைத் தாழிட்டேன். விசிறியை நிறுத்தினேன். ஃபோன்களின் சத்தத்தை அமர்த்தச் சொன்னேன். மூன்று பேரையும் அறைக்குள் அலுமாரிக்குப் பின்னால் விட்டுவிட்டு, யன்னலுக்குக் கீழே குந்தினேன். நல்லாக ஒளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

திரைச்சீலையின் நீக்கலால் பார்த்தேன். முகத்தில் துணி கட்டிய மூன்று பேர் முற்றத்தில் நின்றார்கள். இரண்டு வாள், ஒரு இரும்புக் குழாய்.

"ஆக்கள் இல்லைப் போல கிடக்கு," என்றான் ஒருவன்.

"உனக்கென்ன விசரோ? உதைப் பார்." மற்றவன் வாள் நுனியால் வாசற்படியைக் காட்டினான். "நாலு சோடி கிடக்கு. எல்லாரும் வெறுங்காலோட கோயிலுக்குப் போட்டினமோ? உந்தச் சிவப்புச் சப்பாத்து அவன்ரை."

காலணியை வெளியே கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவது நமக்கு மூச்சு விடுவதுபோல. அதை யார் நினைப்பது? கதவு, விசிறி, ஃபோன் எல்லாவற்றையும் நினைத்தேன். அதை நினைக்கவில்லை.

முதலில் யன்னல் கண்ணாடி போனது. துண்டுகள் என் தலையிலும் முதுகிலும் கொட்டின. பிறகு கதவில் வெட்டு விழுந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பலகை கிழியும் சத்தம் கேட்டது.

"பெடியனை வெளியால விடுங்கோ ஐயா. உங்கடை பிள்ளையளோட எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை." அந்தக் குரலில் கோபம் இருக்கவில்லை. கடையில் சாமான் கேட்பது போல இருந்தது.

பெடியன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டான். "நான் போறன் மாமா. இல்லாட்டி எல்லாரையும் வெட்டுவாங்கள்."

சேட்டுக் கொலரைப் பிடித்து அவனை அறைக்குள் தள்ளினேன். நீங்கள் கேட்ட முதல் "தடார்" அவன் அறைக் கதவில் மோதிய சத்தம். என்னை யாரும் வெட்டவில்லை அப்போது.

உடைந்த யன்னலுக்குள்ளால் ஒரு கை வந்து பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளைத் தடவியது. மெல்லிய கை. மணிக்கட்டில் கோயில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. கதவு மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து அடித்தேன். எலும்பு முறிந்தது கேட்டது. கை மடங்கித் தொங்கியது, கண்ணாடி முனையில் சிக்கியிருந்ததால் அவனால் இழுக்க முடியவில்லை. நான் திரும்பவும் அடித்தேன். அந்த நேரம் எனக்கு அந்தக் கை இன்னும் தாழ்ப்பாளைத் திறக்கப்போவது போலவே தெரிந்தது. அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். சின்னவன் அது என்னுடைய குரல் என்று சொல்லித் திரிகிறான். அது நான் இல்லை.

கண்ணாடியோடு சேர்த்து அவனை இழுத்தெடுத்தார்கள். அதே யன்னலால் வாள் வந்து என் முழங்கைக்குக் கீழே விழுந்தது. முதலில் சூடுதான் தெரிந்தது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரம் இரத்தத்தில் நனைந்தது. அதற்குள் அயல் வீடுகளில் ஊரைக் கூட்டத் தகரம் தட்டத் தொடங்கிவிட்டார்கள். போகிற போக்கில் என் மோட்டார் சைக்கிளின் சீற்றையும் ராங்கியையும் கொத்தி, பெற்றோலை முற்றத்தில் ஓடவிட்டுப் போனார்கள். கொளுத்த நேரம் கிடைக்கவில்லை.

ஆசுப்பத்திரியில் தையல் போட்டார்கள். விடிய முதல் பஸ்ஸில் பெடியன் வன்னியிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போனான். இப்போதும் அங்கேதான் படிக்கிறான், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல்.

தையல் வெட்டிய அன்று மைம்மல் இருட்டுக்குள், உங்களுக்குச் சொல்லாமல் ஒழுங்கைக்குப் போனேன். அவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்தில் நின்று வீட்டைப் பார்த்தேன். குசினி யன்னலில் மூத்தவள் கோப்பை கழுவுவது தெரிந்தது. சின்னவனின் தலை ரீவி வெளிச்சத்தில் தெரிந்தது. அம்மா குறுக்கே போனார். இவ்வளவும் தெரிகிறதே என்று கனநேரம் நின்றேன். திரும்பி வந்து, காலடிச் சத்தத்துக்கு நீங்கள் பயப்படுவீர்களே என்று வாசல் படலையடியில் நின்று இரண்டு தரம் இருமினேன்.